இரைச்சலிலிருந்து மின்னாக்கம்

இரைச்சலிலிருந்து மின்னாக்கம் என்பது, சுற்றுப்புறத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒலியலைகளின் ஆற்றலைத் திரட்டி மின்னாற்றலாக மாற்றும் முறைகளைக் குறிக்கும். சாலைப் போக்குவரத்து, தொழிற்சாலை இயந்திரங்கள், தொடர்வண்டிகள், வானூர்திகள், ஒலிபெருக்கிகள் முதலியன இத்தகைய ஒலிக்கு மூலங்கள் ஆகும். ஒலி ஒரு வகை ஆற்றல் என்பதாலும், ஆற்றலை ஒரு வடிவில் இருந்து மற்றொரு வடிவுக்கு மாற்ற இயலும் என்பதாலும், இம்மாற்றம் கோட்பாட்டளவில் முற்றிலும் இயலக்கூடியதே. ஒலிவாங்கிகள் பலவும் இதையே செய்கின்றன. ஆயினும் சூழல் ஒலியில் அடங்கியுள்ள ஆற்றல் மிகச் சிறிது. அதனால் வீட்டு விளக்கு, மின்விசிறி போன்றவற்றை இயக்கும் அளவுக்கு இம்முறையில் மின்சாரம் பெற இயலாது. மைக்ரோவாட்டு அளவில் மட்டுமே மின்திறன் தேவைப்படும் சிறு உணரிகளுக்கு, அதுவும் மிகுந்த ஒலி உள்ள இடங்களில், இம்முறை பயன்படலாம்.

பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி இடம்பெறும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. இரைச்சல் மாசைக் குறைக்கவும் மின்தட்டுப்பாட்டைப் போக்கவும் ஒரே வழி கிடைத்துவிடும் என்னும் எதிர்பார்ப்பே இதற்குக் காரணம். இவ்விரண்டு எதிர்பார்ப்புகளும் எந்த அளவுக்குச் சரி என்பதை எளிய கணக்கீடுகளின் மூலம் அறியலாம்.

ஒலியும் ஆற்றலும்

ஒலி என்பது காற்று, நீர், திண்மம் போன்ற ஊடகங்களில் பரவும் அழுத்த மாற்றம் ஆகும். ஒலி கடந்து செல்லும்போது காற்றுத் துகள்கள் தம் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. இவ்வசைவில் இயக்க ஆற்றலும், காற்று அமுக்கப்படுவதால் நிலை ஆற்றலும் தங்கியுள்ளன.

இவ்வழுத்த மாற்றம் எவ்வளவு சிறியது என்பதைப் பின்வரும் ஒப்பீடு காட்டும். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,325 பாசுக்கல் ஆகும். இருவர் எதிரெதிரே நின்று உரையாடும்போது உண்டாகும் 60 டெசிபல் ஒலியின் அழுத்த மாற்றம் 0.02 பாசுக்கல் மட்டுமே. இவ்வொலியின் அதிர்வெண் 1000 ஏர்ட்சு எனக் கொண்டால், காற்றுத் துகள்கள் நகரும் தொலைவு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஏறத்தாழ எட்டுப் பங்கு ஆகும். இவ்வளவு சிறிய அசைவையும் மனிதக் காது தெளிவாகக் கேட்கிறது. காதின் இந்த வியத்தகு உணர்திறனே ஒலியில் பேராற்றல் உள்ளது போன்ற எண்ணத்தை நமக்குத் தருகிறது.

டெசிபல் அளவும் ஒலிச்செறிவும்

ஒலி செல்லும் திசைக்குச் செங்குத்தாக உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு நொடியில் கடந்து செல்லும் ஆற்றல் ஒலிச்செறிவு எனப்படும். இதன் அலகு சதுர மீட்டருக்கு வாட்டு ஆகும். மனிதக் காது கேட்கக்கூடிய மிகக் குறைந்த செறிவாகச் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு கொள்ளப்படுகிறது. இதுவே 0 டெசிபல்.

டெசிபல் என்பது மடக்கை அளவு ஆகும். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கும், 20 டெசிபல் கூடினால் 100 மடங்கும், 30 டெசிபல் கூடினால் 1000 மடங்கும் கூடும். எனவே 80 டெசிபல் ஒலி 40 டெசிபல் ஒலியைப் போல இரு மடங்கு அன்று. பத்தாயிரம் மடங்கு ஆகும். சில அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. இவை சதுர மீட்டருக்கான செறிவுகள்.

40 டெசிபல் (அமைதியான அறை): 0.01 மைக்ரோவாட்டு
60 டெசிபல் (உரையாடல்): 1 மைக்ரோவாட்டு
70 டெசிபல்: 10 மைக்ரோவாட்டு
80 டெசிபல் (நெரிசலான சாலையின் ஓரம்): 100 மைக்ரோவாட்டு
90 டெசிபல்: 1 மில்லிவாட்டு
100 டெசிபல்: 10 மில்லிவாட்டு
120 டெசிபல் (காதில் வலி தோன்றும் நிலை): 1 வாட்டு

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஒளியின் திறன் ஏறத்தாழ 1000 வாட்டு. அதாவது, காதில் வலி உண்டாக்கும் ஒலியைக் காட்டிலும் வெயில் 1000 மடங்கு செறிவு உடையது. நெரிசலான சாலையின் இரைச்சலோடு ஒப்பிட்டால் வெயிலின் செறிவு ஒரு கோடி மடங்கு ஆகும்.

ஒலியை மின்னாக மாற்றும் முறைகள்

மின்காந்தத் தூண்டல்: காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் அசையும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். ஒலி பட்டு அசையும் மெல்லிய தகட்டுடன் ஒரு சுருளை இணைத்தால் ஒலி மின்னாக மாறும். அசையும் சுருள் ஒலிவாங்கிகள் இவ்வாறு இயங்குகின்றன. ஒலிபெருக்கி ஒன்றின் முன் பேசினால், அதன் முனைகளில் சிறு மின்னழுத்தம் தோன்றுவதை அளந்து பார்க்கலாம்.

அழுத்தமின் விளைவு: குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தும்போது அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. இவ்விளைவை 1880-இல் சாக் கியூரி, பியேர் கியூரி ஆகிய உடன்பிறப்புகள் கண்டறிந்தனர். இன்று ஈய சிர்க்கோனேட்டு தைட்டனேட்டு என்னும் பீங்கான் வகைப் பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பாலிவினைலிடின் புளோரைடு என்னும் நெகிழி ஏட்டில் இவ்விளைவு வலுவாக இருப்பதை 1969-இல் சப்பானைச் சேர்ந்த கவாய் அறிவித்தார். கடிகாரங்களிலும் பொம்மைகளிலும் ஒலி எழுப்பும் வட்டத் தகடு அழுத்தமின் பீங்கானால் ஆனது. மாணவர் செய்முறைகளில் இத்தகடே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறது.

உரசல் மின்னாக்கம்: வெவ்வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது அவற்றில் எதிரெதிர் மின்னூட்டங்கள் தோன்றும். இதனை அடிப்படையாகக் கொண்ட நுண் மின்னாக்கிகளைச் சோங் லின் வாங் குழுவினர் 2012-இல் அறிமுகப்படுத்தினர். ஒலி பட்டு அதிரும் மெல்லிய ஏடுகளும் இம்முறையில் மின்னைத் தருகின்றன.

ஒலியைத் திரட்டுவதில் உள்ள இடர்

ஒரு பொருளின் அடர்த்தியையும், அதில் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது அப்பொருளின் ஒலி மறிப்பு ஆகும். இரண்டு ஊடகங்களின் ஒலி மறிப்புகள் மிகவும் வேறுபட்டிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி எளிதில் நுழையாது. அதன் பெரும்பகுதி திரும்பிவிடும். காற்றின் ஒலி மறிப்பு அனைத்துலக அலகு முறையில் சுமார் 415 ஆகும். அழுத்தமின் பீங்கானுக்கு இது சுமார் மூன்று கோடி. இவ்வேறுபாட்டின் காரணமாக, தடித்த பீங்கான் கட்டி ஒன்றின் மீது காற்றில் வரும் ஒலி நேராகப் பட்டால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ 18,000-இல் ஒரு பங்கு மட்டுமே உள்ளே நுழையும்.

இவ்விடரைக் குறைக்க, மெல்லிய தகடுகளும் ஒத்ததிர்வுக் கலன்களும் பயன்படுத்தப்படுகின்றன. குறுகிய வாயும் அகன்ற உட்குழிவும் கொண்ட கலன் எல்மோல்ட்சு ஒத்ததிர்வி எனப்படும். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதும்போது எழும் ஓசையும், கருநாடக இசையில் பயன்படும் கடத்தின் வாயிலிருந்து எழும் தாழ்ந்த ஓசையும் இவ்வகை ஒத்ததிர்வால் உண்டாவன. கலனின் இயல்பு அதிர்வெண்ணும் வெளி ஒலியின் அதிர்வெண்ணும் ஒன்றாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. அங்கு வைக்கப்படும் அழுத்தமின் தகடு மிகுதியாக அதிரும்.

ஆனால் ஒத்ததிர்வுக்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, ஒரு கலன் தனக்குரிய அதிர்வெண்ணுக்கு மட்டுமே நன்கு இயங்கும். சாலை இரைச்சலோ பல அதிர்வெண்கள் கலந்தது. நொடிக்கு நொடி மாறுவது. இரண்டாவது, தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கலன் தேவை. 100 ஏர்ட்சு ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். ஒரு முனை மூடிய குழாய் இவ்வொலிக்கு ஒத்ததிர அது சுமார் 85 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். மேலும், ஒத்ததிர்வு புதிய ஆற்றலை உண்டாக்குவதில்லை. சுற்றிலும் பரவியுள்ள ஆற்றலை ஓரிடத்தில் சேர்க்க மட்டுமே செய்கிறது.

வரலாறு

ஒலியாற்றலால் மட்டுமே இயங்கிய முதல் பெரும் பயன்பாடு தொலைபேசி ஆகும். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் 1877-ஆம் ஆண்டுத் தொலைபேசிகளில் மின்கலம் இல்லை. பேசுபவரின் குரல் இரும்புத் தகடு ஒன்றை அசைக்க, அருகில் உள்ள நிலைக்காந்தமும் சுருளும் சேர்ந்து மின்னோட்டத்தை உண்டாக்கின. அம்மின்னோட்டமே மறுமுனையில் உள்ள தகட்டை அசைத்தது. ஆனால் தொலைவு கூடியபோது குரல் மிகவும் மெலிந்தது. எடிசனின் கரித்துகள் ஒலிவாங்கி வந்த பிறகு, மின்கலத்தின் ஆற்றலைக் குரல் கட்டுப்படுத்தும் முறை பரவியது. ஒலியாற்றலை நேரடியாகப் பயன்படுத்தும் முறை பொதுத் தொலைபேசியில் இருந்து மறைந்தாலும், மின்சாரம் தடைப்பட்டாலும் இயங்கவேண்டிய கப்பல்களில் குரலாற்றல் தொலைபேசிகளாக நிலைத்தது.

2006-இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வானூர்திப் பொறிகளின் இரைச்சலைக் குறைக்கும் உள்ளுறைகளை மனத்திற் கொண்டு, எல்மோல்ட்சு ஒத்ததிர்வியுடன் கூடிய நுண் மின்னாக்கி ஒன்றை வெளியிட்டனர். அதில் 149 டெசிபல் ஒலியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.34 மைக்ரோவாட்டு கிடைத்தது. 2010-இல் தென் கொரியாவின் சுங்கியுங்குவான் பல்கலைக்கழகக் குழு, துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளின் மூலம் 100 டெசிபல் ஒலியில் சுமார் 50 மில்லிவோல்ட் மின்னழுத்தம் பெற்றது. 2014-இல் இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் நோக்கியா நிறுவனமும் இணைந்து, துத்தநாக ஆக்சைடு நுண்தண்டுகளைக் கொண்டு 5 வோல்ட் தரும் முன்மாதிரி ஒன்றை அறிவித்தன. 2015-இல் வாங் குழுவினர் உருவாக்கிய, தாளால் ஆன உரசல் மின்னாக்கி 117 டெசிபல் ஒலியில் சதுர மீட்டருக்கு 121 மில்லிவாட்டு வரை தந்தது. 117 டெசிபல் ஒலியின் மொத்தச் செறிவே சதுர மீட்டருக்கு அரை வாட்டுதான் என்பதால், இது சிறந்த மாற்றமே. ஆனால் அத்தகைய ஒலியில் மனிதர் சில நிமிடங்கள் கூட இருத்தல் காதுக்குத் தீங்கானது.

எடுத்துக்காட்டுக் கணக்கீடு: மண்டகப்பட்டு

மண்டகப்பட்டு, விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள ஓர் ஊர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் குடைவித்த குடைவரைக் கோயில் புகழ் பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றி அயன், அரன், அரி ஆகியோருக்கு இக்கோயில் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது.

இவ்வூர்ப் பகுதியில் சாலையோரமாக 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சுவர் இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 30 சதுர மீட்டர். சுவரின் மீது படும் இரைச்சல் இரவும் பகலும் சராசரியாக 75 டெசிபல் எனவும் கொள்வோம். ஊர்ப்புறச் சாலை ஒன்றுக்கு, இரவையும் சேர்த்துப் பார்க்கும்போது, இது மிகையான மதிப்பே. திரட்டுவதற்குச் சார்பாகவே கணக்கிடுவோம்.

75 டெசிபல் ஒலியின் செறிவு சதுர மீட்டருக்கு 31.6 மைக்ரோவாட்டு. முழுச் சுவரின் மீதும் விழும் ஒலித்திறன் 0.95 மில்லிவாட்டு. ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. எனவே ஒரு நாளில் சுவர் பெறும் மொத்த ஒலியாற்றல் சுமார் 82 சூல் ஆகும். இதில் சிறிதும் வீணாகாமல் அனைத்தும் மின்னாக மாறினாலும், 9 வாட்டு ஒளியுமிழ் விளக்கு ஒன்று ஏறத்தாழ 9 நொடிகள் மட்டுமே எரியும். வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் சூல். இச்சுவரில் இருந்து ஒரு யூனிட் மின்சாரம் திரள ஏறத்தாழ 120 ஆண்டுகள் ஆகும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே மின்னாக மாறும் என்றால் 1200 ஆண்டுகள் வேண்டும். மகேந்திரவர்மன் காலத்தில் அத்தகைய சுவர் ஒன்றை எழுப்பி, இன்றைய போக்குவரத்து இரைச்சல் அன்று முதலே இருந்ததாகக் கொண்டாலும், இதுவரை ஓரிரு யூனிட்டுகளுக்கு மேல் சேர்ந்திருக்காது.

ஊர்திகளின் ஊதொலியைத் தனியே கணக்கிடலாம். ஒரு நாளில் மொத்தம் 10 நிமிடங்கள் 100 டெசிபல் ஊதொலி சுவரில் படுகிறது எனக் கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டரும் 6 சூல் பெறும். நாள் முழுவதும் நிலவும் 75 டெசிபல் இரைச்சல் தருவதோ 2.7 சூல்தான். அதாவது, பத்து நிமிட ஊதொலி ஒரு நாளின் பொது இரைச்சலைப் போல இரு மடங்குக்கு மேல் ஆற்றல் உடையது. அப்போதும் முழுச் சுவருக்கும் கிடைப்பது 180 சூல். அதே விளக்கு எரியும் நேரம் 20 நொடிகள்.

ஒப்பீட்டுக்கு, ஒரு சதுர மீட்டர் சூரிய மின்பலகையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில் ஏறத்தாழ 5 யூனிட். பலகையின் திறன் 18 விழுக்காடு எனில் நாளொன்றுக்கு 0.9 யூனிட் கிடைக்கும். மேற்கூறிய 30 சதுர மீட்டர் சுவர் நூறு ஆண்டுகளில் தருவதை, ஒரு சதுர மீட்டர் பலகை ஒரே நாளில் தந்துவிடுகிறது.

குடைவரைக் கோயிலின் கல்லும் இங்குக் கருதத்தக்கது. கருங்கல்லின் ஒலி மறிப்பு சுமார் ஒன்றரைக் கோடி. காற்றில் வரும் ஒலியில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே கல்லுக்குள் நுழையும். குடைவரைகளுள் குரல் முழங்கித் தேய நேரம் ஆவது இதனால்தான். பீங்கானில் ஒலி நுழையாமைக்கும், பாறைக் குடைவில் ஒலி முழங்குவதற்கும் காரணம் ஒன்றே ஆகும்.

மக்கள் கூட்டம், ஒலிபெருக்கி, பட்டாசு

ஒருவர் இயல்பாகப் பேசும்போது வெளிப்படும் ஒலித்திறன் ஏறத்தாழ 10 மைக்ரோவாட்டு. செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுகளில் பெருந்திரளாக மக்கள் கூடுகின்றனர். ஓர் இலட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், அவர்கள் அனைவரின் குரல்களிலும் உள்ள மொத்தத் திறன் 1 வாட்டு மட்டுமே.

திருவிழாக்களில் கட்டப்படும் ஒலிபெருக்கிகள் இதைவிட மிகுந்த ஒலித்திறனைத் தருகின்றன. ஆனால் அவற்றின் ஒலி மின்சாரத்தில் இருந்தே வருகிறது. சாதாரண ஒலிபெருக்கிகளில், உள்ளே செல்லும் மின்திறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாகிறது. கூம்பு ஒலிபெருக்கிகளில் இது கூடுதல். இவ்வொலியை மீண்டும் மின்னாக்குவது, செலவான மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியைத் திரும்பப் பெறுவதே ஆகும்.

இந்திய விதிகளின்படி, பட்டாசு ஒன்று வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தொலைவில் அதன் ஒலி 125 டெசிபலைக் கடத்தல் ஆகாது. இவ்வளவில் செறிவு சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் உள்ளது. ஆனால் வெடியோசை நீடிப்பது நொடியின் நூறில் ஒரு பங்கு எனக் கொண்டால், சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் 0.03 சூல் மட்டுமே.

மின்னழுத்தமும் மின்திறனும்

இத்துறைச் செய்திகளில் பெரும்பாலும் வோல்ட் அளவே குறிப்பிடப்படுகிறது. மின்னழுத்தம் மட்டும் ஆற்றலைக் காட்டாது. அழுத்தமின் தகடுகள் எளிதில் பல வோல்ட் மின்னழுத்தம் தரும். ஆனால் அவற்றில் இருந்து பெறக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு. 5 வோல்ட் மின்னழுத்தம் 10 இலட்சம் ஓம் தடையின் குறுக்கே கிடைத்தால், திறன் 25 மைக்ரோவாட்டு மட்டுமே.

கிடைக்கும் மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டம் ஆதலால், அதைச் சேமிக்கும் முன் நேர்திசையாக்க வேண்டும். சிலிக்கான் இருவாய் ஒவ்வொன்றிலும் சுமார் 0.7 வோல்ட் இழக்கப்படும். பாலச் சுற்றில் ஒரே நேரத்தில் இரண்டு இருவாய்கள் இயங்குவதால் 1.4 வோல்ட் இழப்பு ஆகும். தகடு தரும் மின்னழுத்தம் இதைவிடக் குறைவாக இருந்தால் மின்தேக்கியில் ஏறத்தாழ எதுவும் சேராது.

இத்தலைப்பில் செய்முறை செய்யும் மாணவர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று:

தகட்டைக் கையால் தட்டும்போது விளக்கு ஒளிர்ந்தால் அது தட்டலின் ஆற்றல். ஒலியின் ஆற்றல் அன்று.
ஒலிபெருக்கியையும் தகட்டையும் ஒரே மேசையில் வைத்தால் மேசையின் வழியே அதிர்வு செல்லும். இரண்டையும் தனித்தனியே தாங்கி வைத்து அளக்க வேண்டும்.
மின்னழுத்தத்துடன், இணைக்கப்பட்ட தடையின் மதிப்பையும் குறிப்பிட்டுத் திறனைக் கணக்கிட வேண்டும்.
ஒலியின் டெசிபல் அளவு, அதிர்வெண், தகட்டின் பரப்பு ஆகியவற்றைப் பதிவு செய்து, தகட்டின் மீது விழும் ஒலித்திறனையும் பெறப்பட்ட மின்திறனையும் ஒப்பிட வேண்டும். பெறப்பட்டது விழுந்ததைவிட மிகப் பெரிதாக இருப்பின், அளவீட்டில் பிழை உள்ளதா என முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாறு செய்யப்படும் அளவீடு, விளக்கு எரியாவிட்டாலும், நல்ல அறிவியல் செய்முறையே ஆகும்.

இரைச்சல் மாசுடன் உள்ள தொடர்பு

இந்தியாவில் இரைச்சல் மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இவற்றின்படி பகல், இரவு வரம்புகள் முறையே தொழிற்பகுதிகளில் 75, 70 டெசிபல்; வணிகப் பகுதிகளில் 65, 55; குடியிருப்புப் பகுதிகளில் 55, 45; மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலங்களில் 50, 40 ஆகும். 2011-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களில் இரைச்சலைத் தொடர்ந்து அளக்கும் வலையமைப்பைத் தொடங்கியது. தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பாக உள்ளது.

90 டெசிபல் என்பது சதுர மீட்டருக்கு 1 மில்லிவாட்டு மட்டுமே. மனிதச் செவிப்பறையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரிலும் குறைவு. எனவே கல்லுடைக்கும் ஆலையிலோ நெசவாலையிலோ ஆண்டுக்கணக்கில் பணியாற்றும் ஒருவரின் செவிப்பறையில் படும் ஒலித்திறன் மைக்ரோவாட்டின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு சிறிய திறனே உட்செவியின் மயிர் உயிரணுக்களை நாளடைவில் அழிக்கிறது. அழிந்த உயிரணுக்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. இரைச்சல் தீங்கு செய்வது, அதில் ஆற்றல் மிகுந்திருப்பதால் அன்று. காது மிக நுண்ணியதாக இருப்பதால் ஆகும்.

மின்னாக்கிகளை நிறுவினால் இரைச்சல் குறைந்துவிடும் என்பதும் பொருந்தாது. ஒரு சுவர் தன்மேல் விழும் ஒலியாற்றலில் பத்தில் ஒரு பங்கை மின்னாக்கிவிட்டாலும், அதில் பட்டுத் திரும்பும் ஒலி அரை டெசிபல் அளவே குறையும். காதால் அவ்வேறுபாட்டை உணர இயலாது. 10 டெசிபல் குறைய வேண்டுமெனில் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை நீக்க வேண்டும். இதனை ஒலியுறிஞ்சும் பஞ்சுப் பலகைகள், தடுப்புச் சுவர்கள், இயந்திரங்களைச் சுற்றி அமைக்கும் மூடிகள் ஆகியவை எளிதாகவும் மலிவாகவும் செய்கின்றன. உறிஞ்சப்படும் ஒலி வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பமும் உணர இயலாத அளவு சிறியதே. தேவையற்ற ஊதொலியைத் தவிர்த்தல், இயந்திரங்களின் தேய்ந்த உறுப்புகளை மாற்றுதல், பணியாளர் காதடைப்பான் அணிதல் ஆகியவற்றுக்கு மின்னாக்கம் மாற்று ஆகாது.

பயன்பாடுகள்

மிகுந்த ஒலி உள்ளதும், மின்கம்பி கொண்டு செல்லவோ மின்கலம் மாற்றவோ கடினமானதுமான இடங்களில் இம்முறைக்கு இடம் உண்டு. வானூர்திப் பொறியின் உறை, எரிவளிக் குழாய்கள், பெரிய காற்றமுக்கிகளின் அருகிடம் முதலியன எடுத்துக்காட்டுகள். அங்கு வெப்பநிலை, அழுத்தம், விரிசல் ஆகியவற்றை அளக்கும் சிறு உணரிகள் பெரும்பாலான நேரம் உறங்குநிலையில் இருந்து, இடையிடையே விழித்து, அளவை வானொலி மூலம் அனுப்புகின்றன. உறங்குநிலையில் சில மைக்ரோவாட்டு மட்டுமே தேவைப்படுவதால், மெதுவாகத் திரளும் ஆற்றலை மின்தேக்கியில் சேமித்துப் பயன்படுத்தலாம்.

ஒலியே அளக்கப்படும் பொருளாக இருக்கும் கருவிகளிலும் இது பயன்படும். குறிப்பிட்ட ஓசை எழும்போது மட்டும், அவ்வோசையின் ஆற்றலாலேயே விழித்தெழும் உணரிகள் ஆய்வில் உள்ளன.

தொடர்புடைய வேறு முறைகள்

ஒலியிலிருந்து மின்னாக்கம் எனச் சொல்லப்படுவனவற்றுள் சில உண்மையில் வேறு மூலங்களைப் பயன்படுத்துவன. சப்பானில் 2006 முதல் டோக்கியோ தொடர்வண்டி நிலையத்தில் சோதிக்கப்பட்ட மின்னாக்கத் தரை, காலடியின் எடையால் இயங்கியது. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் காலடியில் தரை 5 மில்லிமீட்டர் அழுந்தினால் கிடைக்கும் ஆற்றல் 3.4 சூல். மேலே கணக்கிட்ட 30 சதுர மீட்டர் சுவரின் ஒரு நாள் ஒலியாற்றல் ஏறத்தாழ 24 காலடிகளுக்குச் சமம். இயந்திரங்களின் உடலில் உள்ள அதிர்வைத் திரட்டுவதும் காற்றொலியைத் திரட்டுவதைவிடப் பெரும்பாலும் பயன் மிக்கது. அதிர்வு காற்றில் பரவி மெலியும் முன், திண்மத்திலேயே அது பெறப்படுகிறது.

வெப்ப ஒலியியல் பொறிகளில் வெப்பத்தின் மூலம் மூடிய குழாய்க்குள் வலிய ஒலி உண்டாக்கப்பட்டு, அவ்வொலி மின்னாக மாற்றப்படுகிறது. 1999-இல் அமெரிக்காவின் இலாசு அலமோசு தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பேக்காசு, சுவிப்ட்டு ஆகியோர், வெப்பத்தில் 30 விழுக்காட்டை ஒலித்திறனாக மாற்றிய பொறியை வெளியிட்டனர். உயர் அழுத்த வளி நிரம்பிய குழாய்க்குள் அடைபட்ட ஒலி அது. ஒலி இயல்பிலேயே திறனற்றது அன்று என்பதையும், திறந்த வெளியில் பரவிவிட்ட ஒலியே திரட்டுவதற்கு அரியது என்பதையும் இப்பொறி காட்டுகிறது.